புதரைத் தின்ற ஆடும் பயந்த நாயும்

கருவேங்கைக் காட்டுக் குரங்குகள் ஒருநாள் வாழைப்பழம் திருட சரக்கு இறக்கும் லாரி செட்டுக்குப் போயின. திரும்பி வரும்போது பழத்தோடு ஒரு நாயும் வந்தது.

"இதைத் திருடலை, காப்பாத்தினோம்!" என்றது பெரிய குரங்கு. "கயித்துல கட்டிப்போட்டு, போறவன் வர்றவன் எல்லாம் உதைச்சான். பாவமா இருந்துச்சு. அவிழ்த்துக் கூட்டிட்டு வந்துட்டோம்."

"உன் பேர் என்னப்பா?" என்று கேட்டது நரி.

"பு... புலிக்குட்டி" என்றது நாய். சொல்லி முடித்ததும், புலி என்ற சொல்லுக்கே பயந்து ஒரு புதருக்குள் பாய்ந்துவிட்டது.

அன்று முதல் பயப்படுவதே அதற்கு முழுநேர வேலை. இலை விழுந்தால் பயம். தவளை கத்தினால் பயம். தன் வாலைத் திரும்பிப் பார்த்து, "ஐயோ, யாரோ பின்னாலேயே வர்றாங்க!" என்று அலறும்.

கோடை பிறந்தது. குளம் வற்றத் தொடங்கியது. மலைக்கு அந்தப் பக்கம் வற்றாத சுனை ஒன்று உண்டு. குளம் காய்ந்ததும் காட்டு விலங்குகள் எல்லாம் மலையேறி அங்கே போய்விடும். போகாமல் தங்கினால் நாக்கு வறண்டு சாக வேண்டியதுதான். புலிக்குட்டியோ புதரைவிட்டு நகரவே மாட்டேன் என்றது.

பெரிய குரங்குக்கு அழுகை வந்துவிட்டது. "தண்ணி இல்லாம சாகவா இதைக் கூட்டிட்டு வந்தேன்?"

"கவலையை விடு! குழு அமைப்போம்!" என்றது நரி. கோழிக்கு அடுத்தபடியாக நரிக்குப் பிடித்தது குழுதான். தலைவர் நரி. துணைத் தலைவரும் நரி. மற்ற விலங்குகள் எல்லாம் உறுப்பினர்கள்.

"பயமுறுத்துற எதுவும் அது கண்ணுல படக்கூடாது, காதுல விழக்கூடாது! பயம் தானா போயிடும்!" என்று முடிவு சொன்னது தலைவர் நரி. பிரமாதம் என்று கைதட்டியது துணைத் தலைவர் நரி.

அணில்கள் மரமேறி, உதிரப் போகும் இலைகளைக் கையால் பிடித்துக்கொண்டன. தவளைகள் வாயில் அல்லி இலையை அடைத்துக்கொண்டன. மரங்கொத்தி பட்டினி கிடந்தது. குறட்டை வந்துவிடுமே என்று கரடி தூங்கவே இல்லை.

காடே கப்சிப்!

புதருக்குள் புலிக்குட்டி காதைத் தூக்கியது. "ஏன் இவ்வளவு அமைதியா இருக்கு? ஏதோ பெருசா வரப்போகுது! ஐயோ!" என்று இன்னும் உள்ளே போய்விட்டது.

"அமைதி போதலை! காத்தை நிறுத்துங்க!" என்று கத்தியது நரி. உறுப்பினர்கள் வரிசையாக நின்று காற்றை எதிர்த்து ஊதினார்கள். மயங்கி விழுந்ததுதான் மிச்சம்.

மொச்சை என்ற வெள்ளாடு மட்டும் குழுவில் சேரவில்லை. கூட்டத்தில் தின்ன ஒன்றும் தரமாட்டார்கள் என்பதே காரணம். அது பாட்டுக்கு மேய்ந்துகொண்டே வந்து, புலிக்குட்டி ஒளிந்திருந்த புதரையே தின்று தீர்த்தது. நாய் வெட்டவெளியில் நின்றது.

"மொச்சைக்கா! அது என் வீடு!"

"ருசியா இருந்துச்சுப்பா. மலைமேல இதைவிட நல்ல புதர் இருக்கு. வர்றியா?"

ஒளிய இடம் வேண்டுமே! நாய் ஆட்டின் பின்னால் போனது.

கொஞ்ச தூரத்தில் ஒரு பாறை. நாய் உறைந்து நின்றது. "அக்கா, அது என்னை முறைக்குது!"

"அப்படியா? நான் இந்தக் கொழுந்தை முடிச்சுக்கறேன். நீ மெதுவா வா."

மொச்சை இழுக்கவில்லை, தள்ளவில்லை. தைரியம் சொல்லலாம் என்றால் வாய் நிறையத் தழை! எவ்வளவு நேரம்தான் பயந்துகொண்டே நிற்பது? நாய் மெல்லக் கிட்டே போய் முகர்ந்தது.

"கல்லு!" என்றது ஆச்சரியமாக.

"ஆமாம், தின்ன முடியாது" என்றது மொச்சை வருத்தமாக.

மறுநாள் அந்தப் பாறையைத் தாண்டினார்கள். இன்னொரு நாள் ஓடைவரை போனார்கள். சில நாள் நாய் பாதியிலேயே திரும்பி ஓடும். இறக்கத்திலும் தழை இருந்ததால் ஆடும் கூடவே வந்துவிடும். நாய் இலையை முகர்ந்தது. தவளையை முகர்ந்தது. ஒருநாள் தன் வாலையும் முகர்ந்து, "தெரிஞ்ச ஆள்தான்" என்றது. ஒளிவதற்குப் புதர் தேடி வந்ததையே மறந்துவிட்டது.

குளம் முழுக்கக் காய்ந்தது. எல்லா விலங்குகளும் மலையேறின. உச்சியில் ஒடுங்கிய பாதை. இரண்டு பக்கமும் பள்ளம். காற்று ஆளைத் தள்ளியது. முன்னால் போன நரி சட்டென்று நின்றது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டது.

"எல்லாரும் நில்லுங்க! குழுவைக் கூட்டணும்!"

தாகத்தில் தவித்த கூட்டம் பின்னால் முட்டிக்கொண்டு நின்றது. நரி நகர்ந்தால்தான் மற்றவர்களுக்கு வழி. புலிக்குட்டி மற்றவர்களின் கால்களுக்கிடையே நுழைந்து நரியின் அருகே வந்தது.

"நரியண்ணே, எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீங்க நல்லா பார்த்துக்குங்க. அதுவரைக்கும் நான் இங்கேயே நிக்கறேன்."

நரி பள்ளத்தைப் பார்த்தது. பாதையைப் பார்த்தது. நாய் அவசரப்படுத்தவே இல்லை. பயம் அடங்கியதும் நரி ஓரடி வைத்தது. நாயும் ஓரடி வைத்தது. அப்படியே இரண்டும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தன. பின்னாலேயே கூட்டமும் வந்து சுனையில் விழுந்து குடித்தது.

வயிறு முட்டக் குடித்த நரி, "பார்த்தீங்களா, நம்ம குழுவோட வெற்றியை!" என்றது.

சளக் சளக்கென்று தண்ணீர் குடிக்கும் புலிக்குட்டியைப் பார்த்துப் பார்த்துப் பெரிய குரங்கு சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தது.

பயந்தவன் கண்ணிலிருந்து உலகத்தை மறைத்தால் பயம்தான் வளரும். அவன் பார்த்துப் பழகும்வரை பொறுமையாகக் கூட நின்றால் தைரியம் தானாக வரும்.