ராசா வாயில் அடக்கிய சித்தரத்தை

ரொம்பக் காலத்துக்கு முந்தி பனிமேட்டுச் சீமைன்னு ஒரு நாடு. அதை நல்லபெருமாள்னு ஒரு ராசா ஆண்டாரு. நல்ல மனுசன்தான். வரி கேட்டு யாரையும் வாட்டினதில்ல, சும்மா கிடக்கிற பக்கத்து நாட்டு மேல படை எடுத்ததும் இல்ல. ஒரே ஒரு கோளாறு, பாடுவாரு. பாடிட்டு, எப்படி இருந்துச்சுன்னு எதிர்ல இருக்கிறவங்களைக் கேப்பாரு. அங்கதான் வினையே.

சபையில அச்சுதராயர்னு ஒருத்தர். ராசா பாடி முடிக்கிறதுக்கு முன்னாடியே கண்ணைத் துடைச்சுக்கிறதுதான் அவரு உத்தியோகம். ராசா அதெல்லாம் பார்த்துக்கிட்டு, குளிக்கிற எடத்துக்குப் போய் முத்தக்காகிட்ட மறுபடி கேப்பாரு. முத்தக்கா அரண்மனையில வெந்நீர் போடுறவ. அடுப்புல விறகைத் தள்ளிக்கிட்டே, நேத்துக்கு இன்னிக்குத் தேவலாம், மேல போறப்பதான் கொஞ்சம் மூச்சு வாங்குதும்பா. ராசா சிரிச்சுக்கிட்டே மறுநாள் அந்த எடத்தைத் திருத்திப் பாடுவாரு. ராயருக்கு இது ஒரே வயித்தெரிச்சல்.

மார்கழி வந்துச்சு. இப்பேர்ப்பட்ட குரலைச் சுவத்துக்குள்ள அடைச்சு வைக்கலாமா, விடியக்காலை மேல்மாடத்துல நின்னு பாடினா ஊரே கேக்குமேன்னு ராயர் ஏத்திவிட்டாரு. ராசாவும் வெறுந்தலையோட பனியில நின்னு பாடினாரு. ராயர் கம்பளியை இழுத்துப் போத்திக்கிட்டு, "இன்னொருதரம் மகாராசா"ன்னாரு. ஏழு தரம் சொன்னாரு. ஊரு முழிச்சது நிசம். என்ன நெனச்சுதுன்னு மட்டும் யாரும் சொல்லலை.

நாலாம் நாள் ராசாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. மூக்கு ஒழுகுது, எச்சில் முழுங்க முடியலை, வாயைத் தொறந்தா எண்ணெய் போடாத கதவு மாதிரி சத்தம். பெரிய சங்கடம் என்னன்னா, தை முதல் நாள் ராசா தன் வாயால "அறுங்க"ன்னு ஊரு கேக்கச் சொன்னாத்தான் அந்தச் சீமையில வயல்ல அரிவாள் இறங்கும். தைக்கு இன்னும் ஏழே நாள்.

பனியில நிக்க வச்சது தான்தான்னு ராயருக்குத் தெரியும். முந்திக்கிட்டு, குளிக்க ஊத்தின தண்ணி சரியாச் சுடலை, எல்லாம் முத்தக்கா பண்ணின வேலைன்னு பழியை அவ தலையில கட்டிட்டாரு. காய்ச்சல் எரிச்சல்ல இருந்த ராசா யோசிக்கலை. தைக்குள்ள குரல் வரலைன்னா முத்தக்கா புருசன் பிள்ளைகளோட சீமையை விட்டே போயிடணும்னு உத்தரவு போட்டுட்டாரு. பொறந்து வளர்ந்த ஊரை விட்டு அவ எங்க போவா? அடுப்படியில உட்கார்ந்து அழுது தீர்த்தா.

அதுக்குள்ள வைத்தியம் ஆரம்பிச்சாச்சு. சளி பிடிச்சவரைப் பார்க்க வர்றவங்க சும்மா போவாங்களா? சேனாதிபதி மஞ்சளும் மிளகும் தட்டிப் போட்டு சூடாப் பால் குடிக்கச் சொன்னாரு. அமைச்சர் இஞ்சிச் சாறும் தேனும்னாரு. தோட்டக்காரன் ஒரு கட்டு நொச்சித் தழையோட வந்து ஆவி பிடிக்கச் சொன்னான். ராணியம்மா மிளகு ரசத்தை விட்டா வேற எதுவும் கண்ணுல காட்டலை. எல்லாம் நல்ல மருந்துதான், நான் குத்தம் சொல்லலை. மூக்கு தொறந்துச்சு, காய்ச்சல் விட்டுச்சு. தொண்டை மட்டும் அப்படியே கிடந்துச்சு.

ஆவி பிடிக்க வெந்நீர் தூக்கிட்டு வந்த முத்தக்கா அதைக் கவனிச்சா. வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் ராசா தன் சீக்கு எப்படி ஆரம்பிச்சுதுன்னு முதல்ல இருந்து சொல்றாரு. சொல்லிட்டு, குரல் வந்துருச்சான்னு ஒரு பாட்டை இழுத்தும் பாக்குறாரு. ஆற விட்டாத்தானே தொண்டை ஆறும்? ஆனா ராசாவைப் பார்த்து வாயை மூடுங்கன்னு யாரு சொல்றது?

தைக்கு மூணு நாள் இருக்கிறப்ப அவ சபையில வந்து நின்னா. மடியில இருந்து ஒரு துண்டு சித்தரத்தையை எடுத்து நீட்டினா.

"ராசா, இதைக் கன்னத்துல அடக்கிக்குங்க. காரம் போனா வேற துண்டு தர்றேன். மூணு நாள்ல தொண்டையும் தொறக்கும், உங்களுக்கு இந்தச் சீக்கு யாரால வந்துச்சோ அந்த ஆளே வந்து ஒத்துக்குவாரு. நடுவுல ஒரு வார்த்தை பேசினாலும் பலிக்காது."

வேரு கூடத் துப்பு துலக்குமான்னு ராயர் கேலி பண்ணினாரு. ராசாவுக்கோ ஆசை வந்துருச்சு. வாங்கி அடக்கிக்கிட்டு, யாரு வந்து ஒத்துக்கப் போறாங்கன்னு ஒவ்வொரு முகமாப் பார்க்க ஆரம்பிச்சாரு.

ராயர் பாவம். ராசா பேசப் பேச ஆமாம் போட்டே பழகினவரு. இப்ப ராசா பேசலை, பார்க்கிறாரு. முகத்துல களை வந்திருக்குன்னாரு, ராசா பார்த்துக்கிட்டே இருந்தாரு. பனி குறைஞ்சிருக்குன்னு சொல்லிட்டு, பனியை ஏண்டா இழுத்தோம்னு நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு. ரெண்டாம் நாள் அவருக்குச் சோறு இறங்கலை. மூணாம் நாள் ராசா பார்வை அவரு மேல வந்து நின்னுச்சு. சும்மாதான் நின்னுச்சு. மனுசன் தடால்னு கால்ல விழுந்துட்டாரு.

"மேல்மாடத்துல பாடச் சொன்னது நான்தான். ஏழு தரம் கேட்டதும் நான்தான். நான் போத்தியிருந்த கம்பளியை உங்களுக்குக் கொடுத்திருக்கணும். வெந்நீர் நல்லாத்தான் சுட்டுச்சு மகாராசா."

ராசா வேரைத் துப்பிட்டு, "அப்படியா சேதி?"ன்னாரு. சபையே நிமிர்ந்து உட்கார்ந்துச்சு. குரல் கணீர்னு வந்திருந்துச்சு.

ராசா முத்தக்காவைக் கூப்பிட்டு, "ஒரு துண்டு வேருக்கு இவ்வளவு சக்தியா?"ன்னு கேட்டாரு.

"அதுக்குத் தொண்டையை ஆத்த மட்டும்தான் தெரியும் ராசா. மத்ததெல்லாம் நீங்க பேசாம இருந்ததால நடந்துச்சு."

அமைச்சர் இருமுற மாதிரி சிரிப்பை மறைச்சாரு. ராசா ஒரு நிமிசம் முறைச்சாரு, அப்புறம் வயிறு குலுங்கச் சிரிச்சாரு. விசாரிக்காம உத்தரவு போட்டது என் தப்புதான்னு எல்லார் முன்னாடியும் சொல்லி, அவளுக்கு ஓட்டு வீடும் கறவை மாடும் கொடுத்தாரு. முத்தக்கா கண்ணுல தண்ணி நிக்கலை. ராயருக்குத் தண்டனை ஒண்ணே ஒண்ணு. இனிமே ராசா பாடுறப்பல்லாம் அவரு வாயில சித்தரத்தையை அடக்கிக்கிட்டு உட்காரணும்.

தை முதல் நாள் ராசா "அறுங்க"ன்னு சொன்னது கடைசி வயல் வரைக்கும் கேட்டுச்சு. அந்தச் சந்தோசத்துல, தலையில முண்டாசோட ஒரு பாட்டும் பாடினாரு. நீளமான பாட்டு. முடிச்சதும் ராயரைப் பார்த்தாரு, அவரு வாயில வேரு. அமைச்சர் தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. ராசா முத்தக்கா பக்கம் திரும்பி, "நீ சொல்லு. எப்படி இருந்துச்சு?"ன்னாரு.

முத்தக்கா ராசாவை ஒரு பார்வை பார்த்தா. மெதுவா மடியை அவுத்து, ஒரு துண்டு சித்தரத்தையை எடுத்துத் தன் வாயில போட்டுக்கிட்டா.