வட்டமில்லாத வளையம்

கோவையில் செயற்கைக் கால் செய்யும் ஒரு பட்டறையில் தில்லைநாயகி, கணினிக் கோப்பைப் படித்துப் பாகங்களை வெட்டும் இயந்திரத்தை ஓட்டினாள். வடிவமைப்புத் தலைவர் ஞானவரதன், தொடையைப் பற்றும் வளையத்தைத் தம் கணினியில் வரைந்து எஸ்.டி.எல். என்ற வகைக் கோப்பாக அனுப்பினார். காலை இழந்த செல்லக்கிளி டீச்சர், அந்த வளையம் பொருத்திய செயற்கைக் காலோடு திங்கட்கிழமை பள்ளிக்குத் திரும்ப வேண்டும்.

“சார், ஸ்டெப் வகைக் கோப்பா அனுப்புங்க. இதுல வளைவெல்லாம் முனை முனையா வருது.”

“என் திரையில வழவழன்னுதான் இருக்கு. உனக்கு முடியலைன்னா சொல்லு, வேற ஆள் பார்க்கிறேன்.”

 அவள் அதே கோப்பிலிருந்த வளையத்தை அளவில் சிறிதாக்கி, அவர் கைக்கு ஒரு காப்பு செய்து கொடுத்தாள். அவர் மகிழ்ந்து போட்டுக்கொண்டார். மதியத்துக்குள் கழற்றிவிட்டார்.

“என்னம்மா, இப்படிக் குத்துது?”

“நீங்க அனுப்பின வளையந்தான் சார். எஸ்.டி.எல்.லுல வட்டமே கிடையாது, சின்னச் சின்ன முக்கோணந்தான். ஸ்டெப்புல வளைவு வளைவாவே வரும்.”

மணிக்கட்டில் சிவந்திருந்த கோடுகளை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர் இதை எவ்வளவு நேரம் போட்டிருப்பாங்க?”

“விடிஞ்சதுலேர்ந்து படுக்குற வரைக்கும் சார்.”

அவர் உட்கார்ந்து ஸ்டெப் கோப்பாக மறுபடி சேமித்தார்.

“செஞ்சு முடிச்சதும் விரலால ஒரு சுத்து தடவிப் பாரும்மா. என் திரைக்கு அது தெரியாது.”