முயல் நீட்டிய நிழல்

ஒரு காட்டில், கணினி நிரல் எழுதப் பழகும் பிள்ளைகளே, பகலிலும் இருண்டிருக்கும் ஒரு குகை இருந்தது. அதற்குள் ஒரு தேவாங்கு இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பெரிய கண்கள் மட்டும்தான் தெரியும்.

தேவாங்குக்கு ஒரே வேலை. கொடுத்ததை மாற்றித் தரும். விலங்குகள் ஈரக் களிமண்ணில் முகத்தைப் பதித்து, அந்தக் கட்டியை உள்ளே நீட்டும். "கொம்பு வை" என்றால் தேவாங்கு கொம்பு வைக்கும். "மூக்கை நீட்டு" என்றால் நீட்டும். வந்தவர்கள் அழகு பார்த்துச் சிரித்துவிட்டு, அதே பழைய மூக்கோடு வீடு திரும்புவார்கள்.

அவசரக்கார முயலுக்கும் ஆசை வந்தது. புதரில் ஓடும்போதெல்லாம் அதன் காதுகள் முள்ளில் மாட்டிக்கொண்டன. காது குட்டையானால் எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டுமாம்!

"முதலில் களிமண் எடுத்து வா," என்றது அதன் தோழி முள்ளம்பன்றி. அது எதையும் சந்தேகப்படும்.

"குளம் வரைக்கும் யார் போவது? இதோ என் நிழல் இருக்கிறதே. அதுவும் என் உருவம்தானே?"

முயல் குகை வாசலில் போய் நின்றது. மாலை வெயில் முதுகில் விழ, நிழல் நீளமாக உள்ளே போனது. மெலிந்த விரல்கள் அதைப் பற்றிக்கொண்டன.

"காதைக் குட்டையாக்கு," என்றது முயல்.

உள்ளே ஏதோ கிள்ளும் ஓசை கேட்டது. வலிக்கவே இல்லை. ஆனால் சிள்வண்டுகளின் சத்தம் சட்டென்று குறைந்தது. மறுபடியும் ஒரு கிள்ளல். மரத்தில் இலைகள் அசைந்தன, ஓசை வரவில்லை. முயல் காதைத் தடவிப் பார்த்தது. பாதிதான் இருந்தது!

"ஐயோ, விடு! நிழலைத்தானே கொடுத்தேன்?"

"நகல் எது, நீ எது என்று எனக்குத் தெரியாது. கையில் வந்ததில் வேலை செய்வேன்," என்றது குகைக்குள்ளிருந்த குரல். விரல்கள் நிற்கவில்லை.

முயல் துள்ளிப் பார்த்தது. நிழல் அகப்பட்டிருந்ததால் கால் நகரவில்லை.

முள்ளம்பன்றி ஓடிப்போய், வேரோடு சாய்ந்து கிடந்த ஒரு பச்சைப் புதரை உருட்டி வந்து வாசலில் நிறுத்தியது.

"இந்தா, இதைப் பிடி! இதன் இலையெல்லாம் கிள்ளு!"

தேவாங்கு முயலின் நிழலைக் கைவிட்டு, புதரின் நிழலைப் பற்றியது. யாரும் தொடாமலே புதரின் இலைகள் உதிரத் தொடங்கின. முயல் தப்பித்துத் தள்ளாடி வாசலைவிட்டு விலகியது. அதன் தலையில் இரண்டு சிறு மொட்டுகள்தான் மிச்சமிருந்தன.

"பயப்படாதே, இனி ஒன்றும் ஆகாது," என்றது முள்ளம்பன்றி.

அதன் வாய் அசைவதையே முயல் பார்த்துக்கொண்டு நின்றது.

பின்னால் சருகுகள் நொறுங்கின. நரி வந்துகொண்டிருந்தது.

"ஓடு!" என்று முள்ளம்பன்றி கத்தியது. முயல் திரும்பிப் பார்க்கவே இல்லை.

நீதி: நகலைக் கொடுத்தால் மாறுவது நகல், உன்னோடு ஒட்டியதைக் கொடுத்தால் மாறுவது நீ. நிரலிலும் எதைக் கொடுக்கிறாய் என்று பார்த்துக் கொடு.