பஞ்சை எடுக்கும் நேரம்

“மேடம், அந்த அப்டேட்டை மட்டும் என்னைத் தொடச் சொல்லாதீங்க. வேற என்ன வேலை சொன்னாலும் தலையால செய்யறேன்.”

வெள்ளிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, கல்லாத்தூர் ரத்த வங்கியின் வாசலிலேயே தணிகாசலம் இதைச் சொல்லிவிட்டார். மரகதவல்லி இன்னும் தோள்பையைக்கூடக் கழற்றவில்லை.

தணிகாசலத்துக்கு வயது ஐம்பத்தேழு. முப்பது வருடமாக ரத்தம் எடுக்கிறார். அவர் ஊசி போட்டால் போட்டதே தெரியாது என்று ஊரில் பேர். மரகதவல்லிக்கு முப்பத்து மூன்று. மாவட்டத்து மருத்துவமனைகளின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு வங்கியின் ஏழு கம்ப்யூட்டர்களையும் பார்த்துக்கொள்ளும் வேலை தணிகாசலத்தின் தலையில் வந்து விழுந்தது. மவுசைப் பிடிக்கவே பயந்த மனிதரை உட்காரவைத்து, முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடுத்தவள் அவள். நேரில் அவளை மேடம் என்பார். வீட்டில் மனைவியிடம் பேசும்போது ‘எங்க குரு’ என்பார்.

“சரி, தொட வேண்டாம்” என்றாள் மரகதவல்லி. “போன வெள்ளிக்கிழமை அப்டேட் போட்டப்போ எத்தனை மணிக்கு ஆரம்பிச்சீங்க?”

“ஒன்பதரைக்கு. காலண்டர் பாத்துத்தான் மேடம். ஒன்பதரையிலேர்ந்து பத்தரை நல்ல நேரம். பத்தரைக்கு ராகு காலம் பொறந்துடும்.”

“ஒரு மணி நேரத்துல ஏழு மிஷினா?”

“அதான் ஏழுலயும் ஒண்ணா தட்டிவிட்டேன்.”

“அப்புறம்?”

“பத்து இருபத்தஞ்சுக்கு எல்லாம் எண்பது சதவீதத்துல வந்து நின்னுடுச்சு. அசைய மாட்டேங்குது. ராகு காலத்துல போய் முடியக் கூடாதேன்னு...”

“முடியக் கூடாதேன்னு?”

“ஏழையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன்.”

நல்ல நேரம் முடிய அப்போது மூன்று நிமிடம் மீதியிருந்தது. அந்த மூன்று நிமிடத்தில் ஏழு திரையும் கறுத்துப்போயின.

ரத்தம் கொடுக்கிறவர்கள் ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு பேரின் பெயரும் போன் நம்பரும் அவற்றுக்குள் இருந்தன. பதினோரு மணிக்கு மாடியில் இருந்த பிரசவ வார்டுக்கு ஜெயக்கொடி என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பிரசவம் ஆன கையோடு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அவளுடையது ஆயிரம் பேரில் ஒருவரிடம்கூடக் கிடைக்காத வகை. சுற்றுவட்டாரத்தில் அந்த வகை உள்ளவர் ஒரே ஒருவர். அவர் நம்பர் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

மரகதவல்லி இரண்டு பஸ் மாறி ஓடிவந்தாள். அரைகுறையாக நின்றிருந்த அப்டேட்டைக் கழற்றி, மூன்று மணிக்கு முதல் கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுத்தாள். பட்டியல் திறந்தது, ஆள் வந்தார், அதுவரை டாக்டர்கள் பிடித்துவைத்திருந்த உயிர் தங்கியது. ஜெயக்கொடியின் அம்மா தணிகாசலத்தின் காலில் விழப் போனாள். அவருக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

அன்று மரகதவல்லி ஒரு வார்த்தை திட்டவில்லை. “சாப்பிட்டீங்களா அண்ணா?” என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்காக ஆயுசுக்கும் அவளுக்குக் கடன்பட்டிருப்பதாக அவர் நினைத்தார். அப்பேர்ப்பட்டவளிடம்தான் இப்போது முடியாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

“பக்கத்து தாலுகா மருத்துவமனையில புதன்கிழமை என்ன நடந்துச்சு தெரியுமா அண்ணா?”

“தெரியும். வைரஸ் புகுந்து அவங்க பட்டியல் மொத்தமும் பூட்டிக்கிச்சு. ரெண்டு நாளா ரத்தத்துக்கு நம்மகிட்டதான் போன் பண்றாங்க.”

“அது எந்த வழியா புகுந்துச்சோ அதை அடைக்கத்தான் இந்த அப்டேட். நம்மளுதும் பூட்டிக்கிட்டா யாருக்குப் போன் பண்ணுவோம்?”

அந்தக் கேள்வியோடுதான் தணிகாசலம் இரண்டு நாளாகச் சோறு இறங்காமல் இருந்தார்.

மரகதவல்லி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்து இருபத்தைந்து.

“சரி விடுங்க. வந்ததுக்கு ரத்தமாவது கொடுத்துட்டுப் போறேன். ராகு காலம் வரப்போகுதே, பரவாயில்லையா?”

“ரத்தம் கொடுக்கிறதுக்கு ஏது மேடம் நல்ல நேரம் கெட்ட நேரம்?”

கையுறையை மாட்டியதும் அவர் வேறு ஆளாகிவிட்டார்.

“நேரா ஊசியைப் போடுங்க. என்னைத்தான் தெரியுமே.”

“தெரிஞ்சவங்கன்னா மட்டும்? எடை பாக்கணும், பிரஷர் பாக்கணும், விரல்ல குத்தி ரத்தம் போதுமான்னு பாக்கணும். எல்லாம் சரியா இருந்தாத்தான் கட்டில்.”

எல்லாம் சரியாக இருந்தது. படுத்தாள். ஊசி போனதே தெரியவில்லை.

“இந்தக் குட்டி டியூப்ல எதுக்குத் தனியா எடுக்கறீங்க?”

“சாம்பிள். நாளைக்குப் பையில ஒரு சந்தேகம் வந்தா திரும்பிப் பாக்க ஒண்ணு கையில இருக்கணும்ல.”

“கொஞ்சம் சீக்கிரம் எடுங்களேன். பையைப் பிடிச்சு இழுத்தா நிறைஞ்சுடாதா?”

“நல்லா இருக்கே! அது தன் போக்குலதான் நிறையும்.”

“வெளியில ஏழு பேர் காத்துக்கிட்டிருந்தா? ஏழு பேரையும் வரிசையா படுக்கவெச்சு ஒரே நேரத்துல குத்திட வேண்டியதுதானே?”

தணிகாசலம் வாய்விட்டுச் சிரித்தார்.

“நான் ஒருத்தன் மேடம்! ஒருத்தருக்கு மயக்கம் வந்தா நான் எங்கே நிப்பேன்? ஏழு பேருக்கும் ஒண்ணா...”

சிரிப்பு பாதியில் நின்றது.

மரகதவல்லி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாளோ என்றுகூடத் தோன்றியது.

பை நிறைந்ததும் ஊசியை எடுத்து, பஞ்சை வைத்தார். “கையை மடக்காம அழுத்திப் பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது.” ஜூஸும் பிஸ்கட்டும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

கம்ப்யூட்டரில் இடம் இருக்கிறதா, கரண்ட் போனால் பேட்டரி தாங்குமா என்று பார்த்தார். பட்டியலைத் தனி டிஸ்கில் இறக்கினார். இறங்கியதை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தார். ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு பேரும் இருந்தார்கள். டிஸ்கைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

மற்ற ஆறு கம்ப்யூட்டரிலும் எல்லோரும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கமே அவர் போகவில்லை. தன்னுடையதில் மட்டும் அப்டேட்டைத் தட்டினார்.

ஒற்றைக் கம்ப்யூட்டர் என்பதால் விறுவிறுவென்று ஏறியது. முப்பது, ஐம்பது, எழுபது.

எண்பது.

நின்றது.

இரண்டு நிமிடம் ஆயிற்று. ஐந்து ஆயிற்று. எதிர்ச் சுவரில் காலண்டர் தொங்கியது. ராகு காலம் பிறந்து அரை மணி ஆகியிருந்தது. யாரும் சொல்லாமலே தணிகாசலத்தின் கை நகர்ந்து ஆஃப் பட்டனுக்குப் போனது.

“அண்ணா, பஞ்சை எடுத்துடவா?” கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“எடுக்காதீங்க!” அவர் திரும்பவில்லை. “உள்ளே வேலை நடந்துக்கிட்டிருக்கு, வெளியில தெரியாது. நின்னுச்சா நின்னுச்சான்னு எடுத்துப் பாக்கறவங்களுக்குத்தான் நிக்கவே நிக்காது. சும்மா விடுங்க, தானா...”

பட்டன்மேல் இருந்த தன் விரல் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எத்தனை நேரம் அப்படி உட்கார்ந்திருந்தார் என்று அவருக்கே தெரியாது. எண்பது எண்பத்தொன்று ஆனது. பிறகு தொண்ணூறு. திரை தானாகவே அணைந்தது. தானாகவே எரிந்தது. பட்டியலைத் திறந்தார். முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை நகர்த்திப் பார்த்தார். ஒருவர்கூடக் குறையவில்லை.

எழுந்து புதுக் கையுறை மாட்டிக்கொண்டு கட்டிலுக்கு வந்தார். மெதுவாகப் பஞ்சை எடுத்தார். கடுகளவு தடம், காய்ந்திருந்தது.

ரத்தம் கொடுத்தவர்களை அனுப்பும்போது சொல்கிற ஒரு வாக்கியம் அவருக்கு உண்டு. முப்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி அதில் அர்த்தமே தேய்ந்திருந்தது. அதைத்தான் இப்போதும் சொல்ல ஆரம்பித்தார்.

“நீங்க செஞ்ச உதவிக்கு ரொம்ப நன்றி. நாலு மாசம் கழிச்சு...”

மேலே போக முடியவில்லை. மாடி வார்டில் ஜெயக்கொடியின் ஒரு வாரக் குழந்தை வீல் என்று அழுவது கேட்டது. தணிகாசலம் கையுறையோடு கும்பிட்டபடி நின்றார். கண் நிறைந்துவிட்டது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

“வர்றேன் அண்ணா” என்று மரகதவல்லி எழுந்து பிஸ்கட்டைப் பிரித்து, முதலில் அவரிடம் நீட்டினாள். “மீதி ஆறு?”

“இது ரெண்டு நாள் ஒழுங்கா ஓடட்டும். திங்கக்கிழமை ஒண்ணே ஒண்ணு.”

“காலண்டர் பாத்தாச்சா?”

“பாக்காம?”

“எத்தனை மணிக்குள்ள முடிக்கணும்?”

தணிகாசலம் கையுறையைக் கழற்றிவிட்டுப் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டார்.

“நல்ல நேரத்துல ஆரம்பிச்சுடுவேன் மேடம். முடியறப்போ முடியட்டும்.”