ஒரே நொடியில் ரயிலும் பேருந்தும்

மெட்ரோ ரயிலையும் இணைப்புப் பேருந்தையும் ஒரே கணினியால் இயக்குவதாக இயக்குநர் திருவேங்கடநாதன் மார்தட்டிக்கொண்டார். 9.10க்கு ரயில் வரும். அதே நொடியில் நிலைய வாசலிலிருந்து பேருந்து கிளம்பும். அப்படியொரு ஒற்றுமை! பேருந்தில் மட்டும் ஆளே இல்லை.

அறிவாளிக் கணினி தவறு செய்யுமா? பழி நிலைய உதவியாளர் செங்கமலத்தின் மேல் விழுந்தது.

"நாளைக்கு பஸ் நிறையணும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது," என்றார் இயக்குநர்.

"நீங்களே ரயில்ல வந்து முதல் ஆளா பஸ் ஏறிக் காட்டுங்க சார். ஜனங்க உங்க பின்னாலயே வந்துடுவாங்க," என்றாள் செங்கமலம்.

அவருக்கு உச்சி குளிர்ந்தது. மறுநாள் நிருபர்கள் புடைசூழ வந்தார். 9.10க்கு ரயில் நின்றது. இறங்கி, நகரும் படியில் ஏறி, பயண அட்டையைக் காட்டி, மூச்சிரைக்க அவர் வாசலுக்கு வந்தபோது மணி 9.14. சாலை வெறிச்சோடிக் கிடந்தது.

"பஸ் எங்கேம்மா?"

"சரியா 9.10க்குக் கிளம்பிடுச்சு சார். கம்ப்யூட்டர் மேல ஒரு குத்தமும் இல்லை. நமக்குத்தான் இன்னும் பறக்கத் தெரியலை."

நிருபர்கள் சிரித்துக்கொண்டே எழுதினார்கள்.

அடுத்த நாள் பேருந்து 9.16க்குக் கிளம்பியது, நிறைந்தே போனது. அந்த ஆறு நிமிடம் தம் புதிய கண்டுபிடிப்பு என்று இயக்குநர் அறிவித்தார். முதலில் கைதட்டியவள், வேலை போகாத செங்கமலம்தான்.