எட்டே எட்டு பிளக்

“கார் பிளக்கப் போட்டா ஏரோப்ளேன் பறக்குமுங்களா, பறக்காதுங்களா? ஒரே வார்த்தைல சொல்லிப்போடுங்க அம்மிணி.”

எப்சிபா எஞ்சின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கேட்டவர் அர்த்தநாரி. வயது ஐம்பத்தாறு. சங்ககிரியில் கார் பட்டறை முதலாளி. எஞ்சின் சத்தத்தை வைத்தே நோய் சொல்லுவார் என்று பெயர் வாங்கியவர். அப்பேர்ப்பட்டவர் மூன்று வருஷமாக ஞாயிறு தவறாமல் இந்தப் பழைய ஓடுபாதைக்கு வந்து, முப்பத்துமூன்று வயதுப் பெண்ணிடம் பாடம் கேட்கிறார். ஊரில் சிரித்தார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், வித்தைக்கு வயது ஏது?

எப்சிபா திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரி. விமான எஞ்சினியர். அவள் கையெழுத்து விழாமல் அந்த ஓடுபாதையில் ஒரு விமானமும் எழும்பாது.

அர்த்தநாரியின் விமானமும் அப்படித்தான். இரண்டே சீட், பக்கம் பக்கமாக. பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை அவரே பூட்டி முடித்தது. லைசென்ஸ் வாங்கி ஓட்டுவதும் அவரே. எஞ்சினில் நாலு சிலிண்டர், சிலிண்டருக்கு மேலே ஒன்று கீழே ஒன்றாக, பெட்ரோலைப் பற்றவைக்க இரண்டு பிளக். ஆக எட்டு. எட்டும் தேய்ந்து இரண்டு மாதம் ஆகிறது. விமானத்துக்கென்றே செய்த பிளக் கப்பலில் வரவேண்டும். வந்தபாடில்லை.

“தெரியாதுன்னாச்சும் சொல்லுங்க.”

“தெரியாது.”

அர்த்தநாரிக்குச் சுருக்கென்றது.

“வானத்துல வண்டிய ஓரங்கட்ட முடியாதும்பீங்க. அதானுங்களே? எல்லாரும் அதத்தான் சொல்றாங்க.”

“நான் அதச் சொல்லலியே அண்ணாச்சி.”

துணியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

“காட்டுங்க.”

அட்டைப்பெட்டியைத் திறந்தார். எட்டு கார் பிளக். புத்தம் புதுசு. கூடவே எட்டு வளையம். விமான எஞ்சினில் பிளக்கின் துளை பெரிது, கார் பிளக் ஒல்லி. இடைவெளியை அடைக்க அவரே லேத்தில் கடைந்தவை.

அவள் ஒரு வளையத்தை எடுத்து, அதன் திருகு மரை மேல் நகத்தை ஓட்டினாள். நகம் எங்கேயும் சிக்கவில்லை.

“மரை போட்டது யாரு?”

“என்ற கைங்க.”

“பிளக் பொறியில ரேடியோ கரகரக்கும்லா?”

“ஒயர் மேல கம்பி வலை சுத்தியிருக்கறனுங்க. கேட்டுப் பாத்துட்டேன். துளி சத்தமில்ல.”

“சூடு தாங்குமா?”

“மூணு தினுசு வாங்கி, ஒவ்வொண்ணா தரையில ஓட்டிப் பாத்து, தாங்கறத எடுத்தனுங்க.”

பிளக்கைப் பற்றி நாலாவது கேள்வி வரவில்லை. அர்த்தநாரிக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

“என்ன இவ்வளவு அவசரம்?” என்று மட்டும் கேட்டாள்.

“என்ற ஊட்டுக்காரி பருவதத்துக்கு முழங்கால் போச்சுங்க. சங்ககிரி மலை உச்சில பெருமாள் இருக்காரு. படி ஏறாமப் போக வழியில்ல. வர்ற சனிக்கிழமை புரட்டாசி கடைசி சனி. மேலயிருந்தாச்சும் கோயிலக் காட்டறேன்னு சொல்லிப்போட்டனுங்க.”

எப்சிபா அந்த இரண்டாவது சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“மாட்டுங்க” என்றாள்.

“நெசமாவா?”

“நீங்க மாட்டுங்க. நான் பாத்துக்கிட்டே நின்னா உங்க கை எனக்காக வேல செய்யும். ஓடுபாதைல ஆடு நிக்கி, தொரத்திட்டு வாரேன்.”

போய்விட்டாள்.

•

ஏழு பிளக் வெண்ணெயாக ஏறின.

எட்டாவது, மூன்றாம் சிலிண்டரின் கீழ் பிளக். அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. மல்லாந்து படுத்து, கையை வளைத்து, விரல் நுனியால் தேடி மாட்ட வேண்டும். வியர்வை வழிந்தது. விரல் வழுக்கியது.

சிமெண்டுத் தரையில் டிங் என்று ஒரு சத்தம்.

அர்த்தநாரி முதலில் பார்த்தது பிளக்கை அல்ல, விமானக் கொட்டகையின் வாசலை. தூரத்தில் எப்சிபா துப்பட்டாவை வீசி ஆடு விரட்டிக்கொண்டிருந்தாள். முதுகு இந்தப் பக்கம்.

மூன்று வருஷத்துக்கு முன், முதல் பாடமே இதுதான். புதுப் பிளக் ஒன்றை எடுத்து, இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டாள். எடுத்தாள். திருப்பிக்கூடப் பார்க்காமல் குப்பைத் தொட்டியில் எறிந்தாள்.

“நல்லாத்தானுங்களே இருக்குது!” என்று அன்றைக்குப் பதறினார்.

“விழுந்துட்டுல்லா” என்றாள். அவ்வளவுதான் பாடம்.

காரணம் அவருக்கே பிறகு புரிந்தது. உள்ளே பீங்கான். விழுந்தால் மயிரிழை விரிசல் விடலாம், விடாமலும் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. குளிர்ந்திருக்கும்போது ஒன்றும் செய்யாது. சூடேறி, எஞ்சின் முழு மூச்சில் மேலே ஏறும்போது வாயைத் திறக்கும்.

பிளக்கைப் பேண்ட்டில் துடைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு கோடு இல்லை. பட்டறையில் எத்தனை பிளக் கை தவறி விழுந்திருக்கும்! எடுத்து, ஊதி, மாட்டி அனுப்பியிருக்கிறார். ஒரு கார்க்காரனும் திரும்பி வந்து சட்டையைப் பிடித்ததில்லை.

வாங்கினது எட்டே எட்டு. ஈரோட்டுக் கடை இன்றைக்கு லீவு. மூன்று வருஷமாகப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லாதவள் இன்றைக்குத்தான் மாட்டச் சொல்லியிருக்கிறாள். நாளைக்கு மனசு மாறினால்?

‘அட, ஒண்ணு போனாலும் மேல இன்னொண்ணு இருக்குதே’ என்றது மனசு.

‘உடைஞ்ச பீங்கான் சிலிண்டருக்குள்ள விழுந்தா?’ என்றதும் அதே மனசுதான்.

மாட்டினார். அளவாக முறுக்கினார். கையைக் கழுவினார்.

•

“ஆச்சா அண்ணாச்சி?”

“ஆச்சுங்க.”

“எட்டும்?”

“எட்டும்ங்க.”

சொன்னதில் பொய் இல்லை.

எப்சிபா டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒயரை ஆட்டிப் பார்த்தாள். மூன்றாம் சிலிண்டருக்கு அடியில் குனிந்தபோது அர்த்தநாரி கூரையைப் பார்த்தார்.

நிமிர்ந்தாள்.

“நல்லா இருக்கு.”

மூன்று வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்த இரண்டு வார்த்தை வந்ததே இல்லை. எதற்காகத் தவம் கிடந்தாரோ அது வந்துவிட்டது. வந்த நேரத்தில் அவர் ஸ்பேனரைத் துடைத்துப் பேண்ட் பையில் செருகினார்.

விமானத்தின் பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். கையெழுத்துப் போடப்போகிறாள் என்று நினைத்தார். அவள் நேரே போய் இரண்டாவது சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

“நீங்க எதுக்குங்க?”

“கையெழுத்துப் போடுதவ முதல்ல உக்காரணும்லா. இல்லன்னா அது வெறும் மை.”

“நான் மட்டும் ஒரு வட்டம் போயிட்டு வந்தர்றனே.”

“ஏன்?”

“சும்மாத்தானுங்க.”

“அப்ப நானும் சும்மா வாரேன்.”

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதையே இல்லை. அர்த்தநாரி ஏறி பெல்ட்டை மாட்டினார்.

எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. இத்தனை சுத்தமான சத்தத்தை அவர் ஆயுசில் கேட்டதில்லை.

பறக்கும் முன் ஒரு சோதனை உண்டு. எட்டு பிளக்கில் பாதியை அணைத்து, மீதியில் எஞ்சின் ஓடுகிறதா என்று பார்ப்பது. பிறகு மாற்றி அணைப்பது. ஒரு பக்கத்தை அணைத்தார். எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் கொஞ்சம் இறங்கி நின்றது. மறு பக்கத்தை அணைத்தார். அதே அளவுதான் இறங்கியது.

‘ஒரு தடவையாச்சும் இருமித் தொலையேன்’ என்று எஞ்சினிடம் கெஞ்சினார். நல்ல எஞ்சின், இருமவே இல்லை.

“சரி” என்றாள் எப்சிபா.

•

ஓடுபாதையின் முனையில் விமானம் நின்றது.

அவள் ஏதாவது கேட்பாள், கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தார். எட்டையும் பார்த்து முடித்தவளுக்குக் கேட்க என்ன இருக்கிறது? காலையிலிருந்து வெயிலில் நின்ற களைப்பு. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கொட்டாவி விட்டாள். தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணை மூடிக்கொண்டாளே!

அர்த்தநாரிக்கு அப்போதுதான் பொறி தட்டியது. இவள் பார்த்திருக்கிறாள். குரு என்றால் சும்மாவா? முதுகிலும் கண் இருக்கும். டிங் என்ற சத்தம் அவள் காதில் விழாமல் இருக்குமா? எல்லாம் தெரிந்துகொண்டுதான் சோதிக்கிறாள்.

அந்த எண்ணத்துக்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது. தெரிந்தே உட்கார்ந்திருக்கிறாள் என்றால் ஒன்றும் ஆகாது என்றுதானே அர்த்தம்? ஆபத்து இருந்தால் உட்காருவாளா?

மனசு லேசாகிவிட்டது. பாரத்தை இறக்கிவைக்க ஒரு தோள் கிடைத்தால் போதும், மனுஷனுக்கு வேறு என்ன வேண்டும்?

எஞ்சின் வேகத்தைக் கூட்டும் கைப்பிடியை முன்னால் தள்ளினார்.

எஞ்சின் கர்ஜித்தது. ஓடுபாதை ஓட ஆரம்பித்தது. புல், கல், தூரத்து ஆடுகள், எல்லாம் பின்னால் போயின. வேக முள் ஏறியது. இன்னும் கொஞ்சம். விமானத்தின் மூக்கு லேசாகத் தூக்கியது.

சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

எப்சிபாவின் தலை சரிந்து, அவர் தோளில் தொப்பென்று விழுந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிளக் விழுந்தது தெரிந்தவளின் கழுத்து அப்படித் துவளாது.

அர்த்தநாரி கைப்பிடியைப் பின்னால் இழுத்தார். இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தார். டயர் அலறியது. விமானம் தள்ளாடி, வளைந்து, பாதை முடிகிற இடத்தில் சீமைக்கருவேல் புதருக்குப் பத்தடி முன்னால் நின்றது. எஞ்சினை அணைத்தார்.

“என்ன ஆச்சு?” எப்சிபா பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு விழித்தாள்.

“மூணாவது சிலிண்டருங்க. கீழ் பிளக்கு.”

“என்ன அதுக்கு?”

“கை தவறி உளுந்துபோச்சுங்க. தொடச்சு மாட்டிட்டேன்.”

அவள் எஞ்சின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சனுங்க அம்மிணி.”

“நான் ஆட்டப் பாத்துக்கிட்டிருந்தேன்.”

பெல்ட்டைக் கழற்ற அவளுக்கு மூன்று தடவை ஆயிற்று. இறங்கினாள். றெக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்திருந்தது. எப்சிபா பயந்து அர்த்தநாரி பார்த்ததில்லை. அதைப் பார்த்த பிறகு எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வெட்கத்தில் காது எரிந்தது.

ஸ்பேனரை எடுத்தார். மூடியைத் திறந்தார். எஞ்சின் அனலாகக் கொதித்தது. விரல் சுட்டதைப் பொருட்படுத்தாமல் அந்தப் பிளக்கைக் கழற்றி, துணியில் பிடித்து, அவளிடம் நீட்டினார்.

பீங்கானில் விரிசல் இருந்ததா இல்லையா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவள் வாங்கினாள். பார்க்காமலே புதருக்குள் எறிந்தாள்.



“இனிமே நான் இந்தப் பக்கம் வர்லீங்க அம்மிணி” என்றார் அர்த்தநாரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, விமானத்தைத் திருப்பித் தள்ள றெக்கைக்கு அடியில் கை கொடுத்தார்.

எதிர் றெக்கையில் எப்சிபாவும் கை கொடுத்தாள். பாதி தூரம் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

“அண்ணாச்சி.”

“சொல்லுங்க.”

“வெள்ளிக்கிழம வாங்க.”

அவர் நின்றுவிட்டார். அவள் நிற்காமல் தள்ளினாள்.

“எட்டே எட்டு பிளக்கு கொண்டு வராதீங்க. பத்து கொண்டு வாங்க.”