பெயர் வைக்காத பிள்ளை

பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிவந்த அந்தக் காலத்தில், குளிர்நாட்டு ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பிரைனா என்ற யூத மருத்துவச்சி இருந்தாள். ஒருமுறை பிரசவம் பார்க்கத் தொலைவிலிருந்த பண்ணைக்குப் போனாள். திரும்பி வந்தால் வீடுகளெல்லாம் திறந்து கிடந்தன, ஒருவரும் இல்லை.

"படைவீரர்கள் வந்தார்கள். உங்கள் ஆட்கள் அத்தனை பேரையும் காட்டோரம் ஓட்டிப்போய்க் கொன்று, ஒரே குழியில் தள்ளி, மேலே புல் விதைத்துவிட்டார்கள்," என்றது ரொட்டிக்காரர் மெண்டலின் கூரையில் கூடு கட்டியிருந்த நாரை.

பிரைனா அந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். யாருக்கும் தனிக் கல்லறை இல்லை. அவளிடம் மிச்சமிருந்தவை பெயர்கள்தான். வீடு வீடாகச் சொல்லத் தொடங்கினாள். முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும். தொண்டை கட்டியது, இடுப்பு விட்டுப்போனது, அழக்கூடத் தெம்பில்லை.

"போதும் பிரைனா. குளிர் வருகிறது, நான் தெற்கே கிளம்புகிறேன். நீயும் எங்காவது போய்விடு," என்றது நாரை.

"போகலாம். இவர்களை யார் கூப்பிடுவது?"

நாரை சற்றுத் தயங்கியது. "மெண்டல் வீட்டில் ஒருவனை விட்டுவிட்டாயே. கடைசிப் பிள்ளை."

பிரைனாவுக்கு நினைவு வந்தது. அவள் கையில் பிறந்தவன், ஆறே நாள்தான் இருந்தான். யூதர்கள் ஆண்பிள்ளைக்கு எட்டாம் நாள் அல்லவா பெயர் வைப்பார்கள்!

"நீயே ஒன்று வையேன்."

"அவன் அப்பா மனசில் ஒரு பெயர் இருந்திருக்கும். அதற்கு மேல் இன்னொன்று வைக்க நான் யார்?"

மெல்ல எழுந்து ஆற்றுக்குப் போனாள். பிள்ளையின் முஷ்டி அளவில் ஒரு கல் எடுத்துவந்தாள். மெண்டல், அவர் மனைவி, இரண்டு பெண்கள் என்று சொல்லி, கல்லைப் புல்மேல் வைத்து ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தாள். பிறகு அடுத்த வீட்டுப் பெயர்களுக்குப் போனாள்.

நாரை திரும்பி வந்தபோது பனி உருகியிருந்தது, பிரைனாவின் குரலும் போயிருந்தது. செய்தி கேட்டு வேற்றூர்களிலிருந்து உறவினர் சிலர் வந்திருந்தார்கள்.

"என்னால் முடியவில்லை, ஆளுக்குக் கொஞ்சம் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள்," என்றாள் முனகலாக.

பகிர்ந்துகொண்டார்கள். மெண்டல் வீட்டை எடுத்துக்கொண்ட ரீக்ல் என்பவள், "இந்தப் பெண்களுக்குப் பிறகு யார்?" என்று கேட்டாள்.

"ஒரு கல் வை. கொஞ்சம் பேசாமலிரு."

ஒருவர் மாற்றி ஒருவர் பெயர்களைக் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டே பிரைனா புல்லில் சாய்ந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு, பட்டப்பகலில், தூங்கிப்போனாள்.

அன்று முதல்தான், கொல்லப்பட்ட தம் மக்களை நினைக்கக் கூடும்போது யூதர்கள் ஆள் மாற்றி ஆள் பெயர்களை உரக்கச் சொல்கிறார்கள். புதைத்த இடத்துக்குப் போனால் ஒரு கல்லும் வைத்துவிட்டு வருகிறார்கள்.